கொண்டாட்டம் உண்டு, போக்குவரத்து இல்லை: கல்முனைக் கரையின் கோடைகாலம்

அம்பாறைக் கரையோரத்தில் கோடை என்பது ஆறு மாதக் கதை. சித்திரைப் புத்தாண்டு கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கடலோரம் களைகட்டிவிடும். கரைவலைக்காரர்கள் வாடிகளைச் சரிசெய்வார்கள். வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்பட்ட கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் மட்டக்களப்பைக் கடந்து கல்முனை வீதியால் நடந்து வருவார்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் உறவினர்கள் வந்திறங்குவார்கள். புரட்டாசியில் பாண்டிருப்பில் திரௌபதை அம்மனின் தீமிதிப்பு. இதே மாதங்களில் தெற்கே அறுகம்பையின் விடுதிகள் அலைச்சறுக்கு வீரர்களால் நிரம்பியிருக்கும்.

ஆகவே கொண்டாட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் பேச்சுத் தமிழில் 'கொண்டாட்டம்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவரோடு உறவு பேணுவதையும் கொண்டாட்டம் என்கிறோம். அந்தப் பக்கத்து வீட்டாரோடு உறவு முறிந்துவிட்டால், 'அவங்களோட போக்குவரத்து இல்ல' என்போம். பஸ் ஓடவில்லை என்பதல்ல அதன் பொருள். ஒரு வீட்டார் மற்ற வீட்டின் நன்மை தீமைக்குப் போவதில்லை, வருவதில்லை என்பதுதான்.

கல்முனைக் கரையின் இன்றைய நிலைமையை இந்த இரண்டு சொற்களிலேயே சொல்லிவிடலாம். திருவிழாக்கள் நடக்கின்றன, கூட்டமும் கூடுகிறது. ஆனால் தமிழர் திருவிழாவுக்கு முஸ்லிம்களும், முஸ்லிம்களின் விழாவுக்குத் தமிழர்களும் போய்வந்த அந்தப் போக்குவரத்து மெலிந்துவிட்டது. யுத்தம் முடிந்து பதினாறு வருடங்களாகின்றன. நல்லிணக்கம் பற்றிய கருத்தரங்குகளில் மண்டபத்தின் முன்வரிசையில் மூவினப் பிரமுகர்களும் அமர்கிறார்கள். நான் கேட்க விரும்புவது அதைவிடச் சின்னக் கேள்வி: ஒரு மாலைப்பொழுதை மகிழ்ச்சியாகக் கழிக்க யார் எங்கே போய் உட்கார முடிகிறது?

ஒரே வீதி, மாறி மாறி ஊர்கள்

இந்தக் கரையை அறியாத வாசகருக்காக வீதியோடு ஒருமுறை போய்வருவோம். மட்டக்களப்பிலிருந்து தெற்கே வந்தால் பெரியநீலாவணை, பிறகு மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பல இடங்களில் எல்லை என்பது ஒரு குறுக்கு வீதிதான். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் ஏறத்தாழ 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 43 வீதம் முஸ்லிம்கள், 39 வீதம் சிங்களவர்கள், 17 வீதம் தமிழர்கள். கரையோரத்தில் மட்டும் பார்த்தால் பேசும் மொழி பெரும்பாலும் தமிழ்தான்.

மொழி மட்டும் பொதுவானதல்ல. தாய்வழியாகக் கணக்கிடும் குடிமுறை இரு சமூகங்களிலும் இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து மருமகனை அங்கே குடியேற்றும் வழக்கமும் அப்படியே. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு ஆய்வுக்காக வந்து, பிறகு பல தசாப்தங்கள் இந்தக் கரையைத் தொடர்ந்து கவனித்தார். 2008இல் வெளியான அவருடைய நூலின் பெரும்பகுதி இந்தப் பொதுமையையும் அதற்குள் இருக்கும் உரசலையும் பற்றியதுதான்.

கலைகளிலும் அதே கதை. முஸ்லிம் ஊர்களில் கல்யாணத்துக்கும் சுன்னத்து வைபவத்துக்கும் ஆடப்படும் பொல்லடி என்கிற களிகம்பாட்டத்தைத் தமிழ் ஊர்களின் கோலாட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயல்வெளியில் பிறந்த நாட்டார் கவிகளை யார் கட்டியது என்று பெயரை மறைத்துவிட்டுக் கேளுங்கள். சிலம்படி இரண்டு பக்கமும் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை முஸ்லிம் பாடசாலைகளிலும் சொந்தமாகவே படித்தோம். 1960களில் கல்முனையில் பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன், கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான், மருதமுனையின் மருதூர்க்கொத்தன் ஆகியோர் ஒரே இலக்கிய வட்டத்தில் இயங்கினார்கள். அன்று கவியரங்கு என்பது புத்தகம் படித்தவர்களின் தனிக்கூட்டமல்ல. ஊர்ச்சனம் பாய் விரித்திருந்து கேட்ட ஒரு பொழுதுபோக்கு.

நான் மருதமுனைக்காரி. எங்கள் ஊரின் தெற்கு எல்லை தாண்டினால் பாண்டிருப்பு. என் உம்மா சிறுமியாக இருந்த காலத்தில் திரௌபதை அம்மன் சடங்கு நாட்களில் உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவாராம். கோயிலுக்குள் போவதில்லை, வெளியே நின்று பார்ப்பது. கடலை, தேன்குழல், வளையல், பலூன். 'பார்த்தன் தவசுக்கு ஏறுறத்தப் பாக்காம வந்தா அந்த வருசம் விடிஞ்ச மாதிரியே இருக்காது புள்ள' என்று உம்மா இப்போதும் சொல்வார். பதினெட்டு நாள் நடக்கும் அந்தச் சடங்கில் பாரதக் கதையின் வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் ஊர் முழுக்க நிகழும் ஒரு பெரிய நாடகம்தான். எங்கள் வீட்டில் அது ஒரு சமய நிகழ்ச்சியாகப் பேசப்படவில்லை. பக்கத்து ஊரின் விசேஷமாகவே பேசப்பட்டது. ஆனால் எனக்கு அந்த நினைவு இல்லை. 1990க்குப் பிறகு எங்களை யாரும் கைபிடித்து அங்கே கூட்டிப்போகவில்லை.

சந்திரன் நகர்த்தும் திருவிழா

எதிர்த்திசையில் தமிழர்கள் போய்வந்த இடம் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகக் கட்டப்பட்ட தர்கா அது. ஏறத்தாழ இரு நூற்றாண்டாக அங்கே கொடியேற்று விழா நடப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடி ஏறும். பக்கீர்மார் றபான் அடித்துப் பாடுவார்கள். மௌலூது ஓதப்படும், கந்தூரிச் சோறு பங்கிடப்படும். மணலில் தற்காலிகக் கடைத்தெரு முளைக்கும். பிள்ளை வரம், நோய் நீக்கம், கடலில் பாதுகாப்பு என்று நேர்ச்சை வைத்த தமிழ்க் குடும்பங்களும் அந்த மணலில் இருந்தன. இன்றும் சிலர் வருகிறார்கள்.

இந்த விழாவுக்கு ஓர் அழகான குணம் உண்டு. சந்திர மாதக் கணக்கு என்பதால் வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். யுத்தம் முடிந்த மறுவருடமான 2010இல் அது மே மாதத்தில், கடும் கோடையில் வந்தது. இப்போது மாரிக்குள் நுழைந்துவிட்டது. 2030களில் மறுபடி கோடைக்குத் திரும்பிவிடும். கண்ணகை அம்மனின் குளிர்த்தியோ சூரியக் கணக்கோடு வைகாசியைவிட்டு அசையாது. கோடை வெப்பத்தையும் அதோடு வரும் அம்மை நோயையும் தணிக்கும் சடங்கு அது. மழை பொய்த்தால் ஊரே வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொம்புமுறி விளையாடிய காலமும் உண்டு. ஆக, ஒரு விழா பருவங்களூடாக அலைகிறது, மற்றது ஒரே பருவத்தில் நிற்கிறது. முப்பத்துச் சொச்சம் வருடத்துக்கு ஒருமுறை இரண்டும் ஒரே கோடையில் சந்திக்கும். 2010ஐ ஒட்டிய வருடங்களில் அப்படியொரு சந்திப்பு நடந்தது. யுத்தம் ஓய்ந்த முதற்கோடைகள் அவை. அந்தச் சந்தர்ப்பத்தை ஒரு பொதுவிழாக் காலமாக்க யாரும் நினைக்கவில்லை.

நினைக்காததற்குக் காரணம் வெளியாரின் அலட்சியம் மட்டுமல்ல. உள்ளேயும் ஒரு மாற்றம் நடந்தது. 1980களிலிருந்து வலுப்பெற்ற தூய்மைவாதச் சிந்தனை தர்கா வழக்கங்களை மார்க்கத்துக்குப் புறம்பானவை என்றது. கொடியேற்றுக்குப் போவது ஒரு தலைமுறைக்குச் சங்கடமான விடயமாயிற்று. றபானும் பொல்லடியும் வீட்டு விசேஷங்களிலிருந்து மெல்ல ஒதுங்கி, இன்று பெரும்பாலும் அரச விழாக்களில் 'பாரம்பரியக் கலை' என்ற பெயரில் பத்து நிமிடம் மேடையேறுகின்றன. தமிழ்ப் பக்கத்திலும் இதற்கு இணையான போக்கு இருக்கிறது. கிராமியச் சடங்குக் கோயில்கள் ஆகம முறைக்கு மாறும்போது, கட்டாடியும் பறையும் வசந்தன் கூத்தும் ஓரங்கட்டப்படுகின்றன. இரு சமூகங்களும் தத்தம் சமயத்தைத் தூய்மைப்படுத்திக்கொண்டபோது முதலில் வெட்டப்பட்டது, அயலவன் வந்து நின்று வேடிக்கை பார்த்த அந்த ஓரம்தான். சமயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அந்த ஓரத்தில்தான் அயலுறவு வளர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓகஸ்ட் என்னும் மாதம்

உண்மையைப் பேசாமல் இந்தக் கதையை இனிமையாக முடித்துவிட முடியாது. விடுமுறை மாதமான ஓகஸ்ட்தான் இந்தக் கரையில் துக்க மாதமும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி அதிகாலையில் ஏறாவூர். அதே 12ஆம் திகதி சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அகதிகளாகத் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள். அதற்கு முன்பே, ஜூனில், கல்முனையை இராணுவம் மீளக் கைப்பற்றிய நாட்களில் பிடித்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள் பலர் திரும்பவில்லை.

ஒரு முஸ்லிம் பெண் வீரமுனையைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் காத்தான்குடியை வைத்துச் சமன்செய்கிறாள் என்று நினைக்க வேண்டாம். இவை தராசில் வைக்கும் பொருட்கள் அல்ல. ஒவ்வொரு ஓகஸ்டிலும் காத்தான்குடியில் சுஹதாக்கள் நினைவுகூரப்படுகிறார்கள், வீரமுனையில் விளக்கேற்றப்படுகிறது. இரு ஊர்களுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய பயணம்தான். ஆனால் அந்த நாட்களில் ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் பெரும்பாலும் யாரும் போவதில்லை. துக்கத்துக்குப் போகாத வீட்டுக்குக் கல்யாணத்துக்கு மட்டும் போக முடியாது. எங்கள் ஊர் முறையே அது. திருவிழாக்களுக்கு இடையிலான போக்குவரத்து ஏன் மீளவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நேரான பதில் இதுதான்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது ஒரு கதவு திறந்தது. இலங்கையில் சுனாமியால் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை ஊரின் பெயர் பார்க்கவில்லை. முதல் நாட்களில் சோற்றுப் பொதிகள் எல்லை தாண்டிப் போயின. பிறகு நிவாரணப் பட்டியல்களும் வீட்டுத் திட்டங்களும் வந்தன. அவை இனவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரிந்தன, மக்களும் திரும்பப் பிரிந்தார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் தாக்குதல்தாரிகளின் குடும்பங்கள் பதுங்கியிருந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. குழந்தைகளும் செத்தார்கள். அதன்பின் எங்கள் ஊர்ப் பெண்கள் கறுப்பு அபாயாவோடு பஸ்ஸில் ஏறினால் பைகளைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. சோதனைச்சாவடியில் இறங்கி நடப்பதென்றால் என்னவென்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சந்தேகிக்கப்படும் சமூகம் முதலில் விடுவது உல்லாசப் பயணத்தைத்தான். வேலைக்கும் ஆசுபத்திரிக்கும் போயே ஆகவேண்டும், கடற்கரைக்குப் போகாமல் இருந்துவிடலாம் அல்லவா? பெண்கள்தான் அதிகம் வீட்டோடு நின்றார்கள்.

ஒரு நகரம், இரண்டு கலாசார விழா

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கை வாசகர்கள் அறிந்ததே. 2019 ஜூனில் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், எதிரே முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2024இலும் வாரக்கணக்கில் போராட்டம் தொடர்ந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. காணி அதிகாரம், நிதி, எல்லை என்று இந்தப் பிரச்சினையின் நிர்வாகப் பக்கம் நிறையவே பேசப்பட்டுவிட்டது. தமிழர்களின் நிர்வாகக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. முஸ்லிம்களின் நிலத்தொடர்ச்சி பற்றிய அச்சமும் பொய்யானதல்ல. பேசப்படாதது இதன் கலாசாரப் பக்கம்.

இலங்கையில் கலை இலக்கிய விழாக்களுக்கான அரச ஏற்பாடு பிரதேச செயலகங்களூடாகவே நடக்கிறது. கலாசார உத்தியோகத்தர், கலாசார அதிகாரசபை, வருடாந்த இலக்கிய விழா, கலைஞர் கௌரவிப்பு எல்லாம் அந்தக் கட்டமைப்புக்குள்தான். செயலகம் இரண்டென்றால் விழாவும் இரண்டு. ஒரே நகரத்தில் வாழும் ஒரு கூத்துக் கலைஞரும் ஒரு றபான் கலைஞரும் வெவ்வேறு மேடைகளில், வெவ்வேறு சனத்துக்கு முன்னால், வெவ்வேறு பொன்னாடை பெறுகிறார்கள். ஒருவர் கலையை மற்றவர் பார்ப்பது மாகாண விழாவுக்குத் தெரிவானால்தான். நிர்வாகம் இரண்டாகவே இருக்கட்டும். மேடை ஏன் இரண்டாக இருக்க வேண்டும்?

இதைக் கேட்க ஒரு சபைகூட இப்போது இல்லை. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது கல்முனை மாநகர சபை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. கடற்கரையில் ஒரு மின்விளக்கு எரியவில்லை, ஒரு மலசலகூடம் பூட்டியிருக்கிறது, பூங்காவில் ஊஞ்சல் உடைந்திருக்கிறது என்றால் வாக்குக் கேட்டு வந்த ஒருவரிடம் முறையிட வழியில்லை. இவை அற்ப விடயங்களாகத் தோன்றலாம். பிள்ளைகளோடு மாலையில் வெளியே போகும் ஒரு தாய்க்கு விளக்கும் மலசலகூடமும்தான் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

அறுகம்பை யாருக்கு?

அரசாங்கம் 'கோடை' என்றதும் நினைப்பது அறுகம்பையை. ஊரார் உல்லை என்று அழைக்கும் அந்தக் கரையில் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை சீசன். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குத் தொடரின் போட்டியொன்று அங்கே நடந்தது. 2024இல் இலங்கைக்கு வந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளில் ஒரு பங்கு இந்தக் கரைக்கும் வந்தது. அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஓட்டோ, கடைச்சோறு, விடுதி, மீன் என்று வருமானம் பரவுகிறது. சுற்றுலா வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஆனால் சுற்றுலாவுக்காகக் கரை எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு அயலிலேயே சாட்சிகள் இருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை என்றார்கள். மீனவர் வீட்டுக்குத் தடை, விடுதிக்குச் சலுகை என்ற குற்றச்சாட்டு அறுகம்பையில் அன்றே எழுந்தது. 2010 ஜூலையில் பாணமையில் சிங்கள, தமிழ்க் கலப்புடைய விவசாயக் குடும்பங்கள் இரவோடிரவாக விரட்டப்பட்டன. அந்தப் பகுதியில் படைமுகாமோடு கடற்படையின் சுற்றுலா விடுதியும் வந்தது. 340 ஏக்கரை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் மக்கள் போராட வேண்டியிருந்தது. பொத்துவில் கனகர் கிராமத்திலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த தமிழர்கள் தங்கள் காணிக்காக 2018இல் வீதியோரத்தில் குந்தினார்கள். பொத்துவில் முகுது மகா விகாரையைச் சூழவுள்ள காணியில் முஸ்லிம் குடும்பங்கள் அச்சத்தோடு இருக்கின்றன. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள்களுக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று மூவரையும் தொட்ட பிரச்சினை இது. மூவரும் தனித்தனியாகவே போராடினார்கள்.

2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பையில் தாக்குதல் அபாயம் என்று எச்சரித்தது. இஸ்ரேல் தன் பிரஜைகளை வெளியேறச் சொன்னது. பொலிஸாரும் படையினரும் குவிந்தார்கள். எங்கேயோ நடக்கும் யுத்தத்தின் நிழல், ஒரு மீன்பிடிக் கிராமத்தின் மணலில் விழுந்தது. வெளிநாட்டவரின் பாதுகாப்பு அவசியம்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டில் உள்ளூர் இளைஞன் தன் சொந்தக் கரையில் சந்தேக நபராக நிற்கும் நிலை வரக்கூடாது.

மனிதர் எடுத்துக்கொள்வது போதாதென்று கடலும் எடுத்துக்கொள்கிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகளுக்கு வடக்கே, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகள் கடலில் சரிந்தன. மாளிகைக்காட்டு மையவாடியையும் கடல் அரித்தது. பெருநாள் அன்று திடலில் தொழுது, பின்னேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்த மணல் சில இடங்களில் இன்று கருங்கல் அடுக்காகிவிட்டது.

நடந்து வென்ற உரிமை

லண்டனில் இருக்கும் என் மச்சி ஒருத்தி கோடையில் அனுப்பும் படங்களைப் பார்ப்பதுண்டு. இங்கிலாந்துக் கிராமங்களில் தேவாலய முற்றத்தில் சந்தை, வீட்டில் செய்த கேக், பித்தளை வாத்தியக் குழு, ஊர்க் கலைஞர்கள் வரைந்த படங்களின் கண்காட்சி. சேரும் பணத்தில் தேவாலயக் கூரையைத் திருத்துவார்கள். வயல்களுக்கு ஊடாக யாரும் நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகள். எவ்வளவு அமைதியான நாடு என்று தோன்றும்.

ஆனால் அந்த அமைதியின் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி மான்செஸ்டரின் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்துக்குள் அனுமதியின்றி நடந்தார்கள். பறவை வேட்டைக்காகப் பிரபுக்கள் பூட்டிவைத்திருந்த நிலம் அது. ஐவர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புறப் பாதைகளுக்குமான சட்டம் வந்தது. 1951இல் அந்த மேட்டுநிலம் அடங்கிய பகுதியே நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000இல் மேட்டுநிலங்களிலும் பொதுக் காணிகளிலும் நடக்கும் உரிமை சட்டமானது. ஞாயிற்றுக்கிழமை உலாவப் போவது ஓர் உரிமை என்று அந்த மக்கள் கண்டுகொண்டார்கள். கோடை உலாவும் ஊர்த் திருவிழாவும் தானாக வந்த சௌகரியங்கள் அல்ல.

நடந்து உரிமை கேட்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. கதிர்காமப் பாதயாத்திரை ஒவ்வொரு வருடமும் முஸ்லிம் ஊர்களை ஊடறுத்துத்தான் போகிறது. வழியில் தாகசாந்தி கொடுக்கும் கைகளில் முஸ்லிம் கைகளும் இருக்கின்றன. உகந்தையில் குமண, யால காட்டுப்பாதை எந்தத் திகதியில் திறக்கும் என்ற இழுபறி அடிக்கடி வருகிறது. நடந்து முடியும் கதிர்காமத்திலும் ஒரு பள்ளிவாசல் உண்டு, விழாக் காலத்தில் அங்கும் கொடி ஏறும். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி அதே வீதியில் எதிர்த்திசையில் போனது. காணி, காணாமலாக்கப்பட்டோர் ஆகிய கோரிக்கைகளோடு, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்காதே என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. எங்கள் ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். தமிழர்கள் எங்கள் துக்கத்துக்கு வந்த நாள் அது. அந்த வருடத்துக்குப் பிறகு அந்த உறவை யாரும் தொடர்ந்து பேணவில்லை என்பது இரு தரப்புத் தலைமைகளும் பதில் சொல்ல வேண்டிய விடயம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. முதலாவது, கல்முனை மாநகரத்துக்குத் தேர்தல். கடற்கரைக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும். இரண்டாவது, கரையோரம் பொதுமக்களின் உலாவிடம் என்பதை ஒவ்வொரு அபிவிருத்தி வரைபடத்திலும் எழுதிவைக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைச் சிறு மீனவனின் வாடிக்கு மட்டும் காட்டாமல் பெரிய விடுதிக்கும் காட்ட வேண்டும். மூன்றாவது, இரண்டு செயலகங்களும் வருடத்தில் ஒரு கலைவிழாவையாவது சேர்ந்து நடத்தட்டும். பொல்லடியும் வசந்தன் கூத்தும் ஒரே மாலையில், ஒரே மணலில் ஆடப்படட்டும். அதற்கு எந்த எல்லையையும் மாற்றத் தேவையில்லை. யாருடைய கோரிக்கையும் அதனால் பலவீனப்படாது.

சின்ன எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது. 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கான அலைச்சறுக்குக் கழகம் ஒன்று உருவானது. இலங்கையின் முதலாவது அது. கடல் ஆண்களுக்கும் வெளிநாட்டவருக்கும் என்றிருந்த இடத்தில், உள்ளூர்ப் பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கூட, பலகையோடு இறங்கினார்கள். அவர்களை யாரும் நல்லிணக்கச் செயலமர்வுக்கு அழைத்து அது நடக்கவில்லை. அலை பார்க்கப் போனார்கள், ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள்.

நான்காவதும் கடினமானதும் துக்கத்தைப் பற்றியது. ஓகஸ்ட் 3ஆம் திகதி தமிழர்கள் சிலர் காத்தான்குடிக்கும், 12ஆம் திகதி முஸ்லிம்கள் சிலர் வீரமுனைக்கும் ஏறாவூருக்கும் போகட்டும். மேடை வேண்டாம், பேச்சு வேண்டாம், கமராவும் வேண்டாம். போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தால் போதும். முதல் வருடம் சிலருக்குப் பிடிக்காது. வாசலில் நின்று முறைப்பவர்களும் இருப்பார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மறுக்கும் உரிமையும் உண்டு, அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். ஆனால் துக்கத்துக்குப் போய்வரும் பாதை திறக்காமல் திருவிழாவுக்கான பாதை திறக்காது.

இந்தப் புரட்டாசியில் பாண்டிருப்பில் கதை தொடங்கும்போது என் மகளைக் கூட்டிக்கொண்டு போக நினைத்திருக்கிறேன். கடலை வாங்கிக்கொண்டு ஓரத்தில் நிற்போம். கடற்கரைப் பள்ளிவாசலில் கொடி ஏறும் மாதத்தில் பாண்டிருப்பிலிருந்து யாராவது வந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். கருத்தரங்கு மண்டபங்கள் முப்பது வருடமாகச் செய்ய முடியாததை இது செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. போக்குவரத்து என்பது இப்படி ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குத்தான் தொடங்கும், வேறு வழியால் அது தொடங்கி நான் கண்டதில்லை.